சூடு தெரியாத வலது கால்

மகனே,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். உன்னை அப்படி வளர்த்தவன் நான்தான். ஆகையால் உள்ளதை எழுதுகிறேன். உன் சித்திக்கு முழங்கால் வலி, எனக்கு ஒரு குறையும் இல்லை, தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீர் ஓடுகிறது, தச்சநல்லூர்க் கடையில் புதுக் கருப்பட்டி வந்து இறங்கியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை தம்மாமிலிருந்து போன் செய்து, "சித்தப்பா, அந்த உடன்குடிப் பொண்ணு வேண்டாம், நிப்பாட்டிருங்க" என்று சொல்லிவிட்டு நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். எஸ்.டி.டி. பூத்துக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, லைன் கட்டாயிட்டா?" என்றார். "லைன் இல்லவே, கல்யாணம்" என்றேன்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது என்று முதலில் உன் காதில் போட்டதே நான்தான். ஆனால் நான் சந்தேகப்படத்தானே சொன்னேன், முடிவெடுக்க யார் சொன்னது? சந்தேகப்படுவது ஒரு வித்தை. அது எல்லோருக்கும் வராது. கருப்பட்டியில் சீனிப்பாகு கலந்திருக்கிறதா என்று மற்றவர்கள் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள், நான் வண்டி தெருமுனை திரும்பும்போதே மூக்கால் சொல்லிவிடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று உன் சித்தி ஊரெல்லாம் சொல்கிறாள். விடவில்லை, அதற்குமேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் இல்லை. உன்னைப் பெற்ற என் அண்ணன் போன பிறகு உன்னை இத்தனை தூரம் கொண்டுவந்து, விமானம் ஏற்றிவிட்ட வரைக்கும் ஒருவனும் நம்மை ஏமாற்றியதில்லை. அதற்குக் காரணம் நான் யாரையும் நம்பாததுதான். ஆனால் பாதி சந்தேகம் கெடுதல். பட்டால் முழுக்கப் பட வேண்டும், அடிமட்டம் வரை தோண்டிப் பார்க்க வேண்டும். அதை நான் உனக்குச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் இரண்டு வீட்டாருமாகத் திருச்செந்தூர் போனோம். அங்கே ஆண்பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பெண்ணின் தகப்பனார் சுடலைமுத்து வாசலிலேயே நின்றுகொண்டு, "நீங்க போயிட்டு வாங்க சம்பந்தி, நான் செருப்பப் பாத்துக்கிடுதேன்" என்றார். செருப்பைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறது. பெற்ற மகள் கல்யாணத்தை முருகனிடம் சொல்ல வந்த மனிதர், தாயில்லாப் பெண்ணுக்கு இவர் ஒருவர்தான், அவர் செருப்புக்குக் காவல் நிற்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? சட்டைக்குள் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நான் சந்நிதியில் நின்றேனே தவிர, முருகன் முகத்தை அன்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லை. சுடலைமுத்துவின் சட்டைதான் கண்ணில் நின்றது.

பிறகு ஒரு நாள் சரக்கு எடுக்கிற சாக்கில் அவர்கள் விடிலிக்குப் போனேன். விடிலி என்றால் பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசை, நீ சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறாய். பெண் பொன்செல்வி கொதிக்கிற பாகைச் சிரட்டைகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அகப்பையிலிருந்து ஒரு சொட்டு தெறித்துச் சுடலைமுத்துவின் வலது பாதத்தில் விழுந்தது. பாகுச்சூடு எப்படிப்பட்டது என்று என் முழங்கைத் தழும்பைக் கேள், அது சொல்லும். அவர் பக்கத்து வீட்டு ஆடு கிணற்றில் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தோல் சுருங்குவதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவர் ஆட்டை இன்னும் கிணற்றிலிருந்து எடுக்கவே இல்லை. பொன்செல்விதான் அகப்பையை வைத்துவிட்டு, செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அந்தக் காலில் ஊற்றினாள். "ஐயோ" என்றுகூடச் சொல்லவில்லை. அந்த நிதானம்தான் என்னை உலுக்கியது. அது பழகின கை, மகனே.

அதற்கு மேல் இன்னொன்று. அவருக்கு இழுபடுவது இடது கால். கம்பை ஊன்றி அந்தக் காலை ஒரு மூட்டையை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டுதான் வருவார். கேட்டால், "சின்ன அடி" என்பார். அன்றைக்கே அந்த இடது காலில் ஒரு கட்டெறும்பு கடித்ததும் ஆவென்று கத்திக் கம்பால் தட்டினார். பாகு விழுந்தால் தெரியாதவருக்கு எறும்பு கடித்தால் தெரிகிறது! பயணம் கிளம்பினால் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார், சிறுநீர் கழிக்க இடம் எங்கே என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். வீட்டுக்கு வந்து உன் சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிவாள்மணையை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏங்க, குட்டமா இருக்குமோ? சுட்டாலும் தெரியாதுன்னு சொல்லுவாவளே. அதான் மேலுக்குச் சட்டையக் கழட்ட மாட்டேங்காவ" என்றாள். அந்த வாரம்தான் நான் உனக்கு அந்த வார்த்தையைப் போனில் சொன்னேன். நீயும் நிறுத்து என்று சொல்லிவிட்டாய்.

சரி, நிறுத்தலாம். ஆனால் தாயில்லாப் பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துகிறவன் கையில் சாட்சி வேண்டாமா? வெறும் வாயால் "பெருவியாதி" என்று சொல்லிவிட்டு வந்தால் அந்த வீட்டு வாசலை அதன்பிறகு எவன் மிதிப்பான்? ஆகவே நானே உடன்குடி போனேன். சுடலைமுத்துவிடம், "அண்ணாச்சி, எனக்குக் கழுத்துல ஒரு பிடிப்பு. பாளையங்கோட்டை பெரிய ஆசுபத்திரிக்குப் போகணும். துணைக்கு வாரியளா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "எனக்கே இந்தக் கம்புதான் துணை. நான் உங்களுக்குத் துணையா? நல்லாத்தான் ஆளப் பிடிச்சிய!" என்றார். ஆனாலும் வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். இத்தனை சுலபமாக வருகிறாரே என்று அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது எனக்கு.

திருச்செந்தூர் பஸ் நிலையத்தில் காப்பி வாங்கினேன். கொதிக்கக் கொதிக்க இருந்த டம்ளரை, கீழே வைப்பதுபோல் வைத்து, அவருடைய வலது பாதத்தில் சாய்த்துப் பிடித்தேன். என் விரலே தாங்கவில்லை. அவர் நாசரேத் வழியாகப் பாளைக்குப் போகிற பஸ்ஸை எப்போது எடுப்பான் என்று நடத்துநரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பாளையில் இறங்கியதும் சர்பத் கடையில் ஒரு துண்டு ஐஸ் கேட்டு வாங்கிக் கைக்குட்டையில் மறைத்து, உட்காரும்போது அவருடைய இடது பாதத்தில் வைத்தேன். "ஏய்யா! ஐஸ எங்கன வைக்கிய? சர்பத்துல போடுவாவளா, சம்பந்தி காலுல போடுவாவளா?" என்று துள்ளினார். கடைக்காரர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. நடக்கிற காலுக்குச் சூடு தெரியவில்லை, சூடு குளிர் தெரிகிற காலுக்கு நடக்கத் தெரியவில்லை. உலகத்தில் இப்படி ஒரு வியாதி உண்டா? பொய் சொல்கிறவன்கூட ஒரே காலில்தான் பொய் சொல்வான். குட்டமும் இல்லை, வாதமும் இல்லை, இது நாடகம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. எதற்கு நாடகம் என்பதுதான் பிடிபடவில்லை.

ஆசுபத்திரியில் இருந்தது ஒரு லேடி டாக்டர். சின்ன வயசுதான், ஆனால் கண் கூர்மையான கண், என் கண் மாதிரி. "யாருக்கு?" என்றார். நான் சுடலைமுத்துவைக் காட்டினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குன்னுதானே சொன்னிய?" "எனக்குத்தான் அண்ணாச்சி. எனக்குச் சந்தேகம். அது உங்க காலுல இருக்கு" என்றேன். அவருக்கு முகம் செத்துப்போயிற்று. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். டாக்டர் அதற்குள் அவரைப் படுக்கவைத்து வேலையைத் தொடங்கிவிட்டார். ரப்பர் சுத்தியலால் இடது முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார், அந்தச் செத்த கால் என்னை உதைப்பதுபோல எகிறியது. குண்டூசியால் பாதத்திலிருந்து மேலே மேலே குத்திக்கொண்டே வந்தார். வலது பக்கம் தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை, அதற்கு மேலே தெரிந்தது. கோடு கிழித்த மாதிரி. டாக்டர் பேனாவால் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டு, "சட்டையக் கழட்டுங்க பெரியவரே, முதுகப் பாக்கணும்" என்றார்.

"இவிய வெளிய போனாத்தான் கழட்டுவேன்" என்றார் சுடலைமுத்து. நான் வெளியே போனேன். துணித்தடுப்புக்கு அந்தப்பக்கம் வரைக்கும்தான் போனேன். துணியில் கிழிசல் இருந்ததற்கு நான் பொறுப்பில்லை. இடுப்புக்கு ஒரு சாண் மேலே, முதுகெலும்புக்கு ஒட்டி இடப்புறமாக, இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. அரிவாள் தழும்பு. எத்தனை பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? தேமல் இல்லை, படை இல்லை, வேறு ஒன்றுமே இல்லை. குட்டத்தை விட்டுவிட்டேன். இவரை வெட்டியவன் யார், எதற்கு வெட்டினான், அந்தப் பகை நம் வீட்டுக்கு வருமா என்று ஒரு நொடியில் ஓடிவிட்டது புத்தி. தடுப்பை விலக்கிக்கொண்டு உள்ளே போய், "யார் வெட்டுனது அண்ணாச்சி?" என்று கேட்டேவிட்டேன்.

சுடலைமுத்து சட்டையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். "இந்தக் கேள்விக்குத்தான்வே இத்தனை வருசம் சட்டையக் கழட்டல" என்றார். "யாரும் வெட்டல. என் அருவாதான்." அப்புறம்தான் சொன்னார். பனையேறிகள் பாளை சீவுகிற அரிவாளைப் பெட்டியில் போட்டு இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். பனியில் நனைந்த மரம், காலில் மாட்டுகிற தளைநார் பழசு, அது அறுந்தது. மல்லாக்க விழுந்தார். பெட்டி மேலே ஏறி, அரிவாள் மூடியைப் பிளந்துகொண்டு முதுகில் இறங்கிவிட்டது. பனை நாற்பது அடி இருக்கும் என்றார். நான் அறுபது என்று எழுதிக்கொள்கிறேன், நீயும் உன் சிநேகிதர்களிடம் அறுபது என்றே சொல், நாற்பதுக்கு மரியாதை இல்லை. "விழுந்த சத்தம் கேட்டு ஓடியாந்தாவ. ஒருத்தன் அருவாளப் பிடுங்குதான். ஒருத்தன் எந்திச்சு உக்காரு, உக்காருங்கான். ரெண்டு பேரு அக்குளுக்குள்ள கையக் குடுத்து உக்கார வச்சு, சோடாவ உடைச்சு வாயில ஊத்துனாவ. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்ல, சம்பந்தி. சோடா மட்டும் இனிச்சுது."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். "அந்தச் சோடாதான்யா இந்த ஊர்ல எனக்கு முதல் எதிரி" என்றார். முதுகில் அடிபட்டவனை உட்காரவைக்கவே கூடாதாம். நிமிர்த்தவும் கூடாது, கைகால் பிடித்துத் தூக்கவும் கூடாதாம். கத்தி குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது, அப்படியே துணியை அண்டைகொடுத்து, தலையும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி நாலு பேர் பலகையில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். ஒடிந்த எலும்பு உள்ளே இருக்கிற தண்டுவடத்தை அறுக்காமல் நின்றிருக்கும், நாம் உட்காரவைக்கிற உட்காரவைப்பில் அறுத்துவிடும். நம் ஊரில் எவன் கீழே விழுந்தாலும் முதலில் ஓடுவது சோடாக் கடைக்குத்தானே? நானே எத்தனை பேருக்கு உடைத்து ஊற்றியிருக்கிறேன். நீ இருக்கிற இடத்தில் கட்டட வேலை, சாரம், உயரம். இதை உன் கூடத் தங்கியிருக்கிறவர்களுக்கெல்லாம் படித்துக்காட்டு.

பிறகு அந்த அம்மாள் தண்டுவடம் என்றால் என்ன என்று படம் போட்டார். படம் எனக்குத் திருப்தியாக இல்லை. "அம்மா, நான் சொல்லுதேன், சரியான்னு பாருங்க" என்று நானே சொன்னேன். மூளை என்பது பாபநாசம். அங்கிருந்து இறங்குகிற தாமிரபரணிதான் தண்டுவடம். வழி நெடுகிலும் அணைக்கட்டு, அணைக்கட்டிலிருந்து கால்வாய், கால்வாய்க்கு ஒரு வயல். மேலேயே, கழுத்துக்கிட்டே அடைத்துவிட்டால் கை, கால், மூச்சு எல்லா வயலும் காயும். நடு முதுகில் அடைத்தால் கை பிழைக்கும், கால் போகும். ஆறு முழுக்க அடைபட்டால் கீழே சொட்டுக் கிடையாது, அது முழு முறிவு. கொஞ்சம் கசிந்தால் அது அரைகுறை முறிவு, பிழைக்க வழியுண்டு. டாக்டர் அசந்துபோனார். "நீங்க எங்க படிச்சீங்க?" என்று கேட்டார் என்று வைத்துக்கொள். சுடலைமுத்துவுக்கு ஆற்றின் ஒரு கரை மட்டும் உடைந்திருக்கிறது, இடது கரை. "சரி, இடது கரை போனா இடது கால் போகட்டும். வலது காலுக்குச் சூடு ஏன் போகணும்?" என்று மடக்கினேன். அங்கேதான் விஷயம். நட என்று மூளையிலிருந்து இறங்குகிற உத்தரவு அந்தந்தப் பக்கத்துக் கரையிலேயே வருகிறதாம். ஆனால் சுடுகிறது, வலிக்கிறது என்று காலிலிருந்து ஏறுகிற சேதி, தண்டுவடத்துக்குள் நுழைந்த கையோடு பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போய்விடுகிறது, நாம் தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போகிற மாதிரி. ஆக, இடது கரையில் ஒரே வெட்டு. அங்கே இறங்கிக்கொண்டிருந்த இடது காலின் உத்தரவும் போயிற்று, பாலம் தாண்டி அங்கே ஏறிக்கொண்டிருந்த வலது காலின் சேதியும் போயிற்று. நாடகம் இல்லை. இரண்டு காலும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன.

நான் சும்மா ஒத்துக்கொள்வேனா? டாக்டருக்கு எந்த ஊர் என்று விசாரித்தேன், உடன்குடிப் பக்கமாக இருந்தால் இரண்டு பேரும் கூட்டு. தென்காசிப் பக்கமாம். "குட்டம் இல்லேங்கதுக்கு என்ன அத்தாட்சி?" என்றேன். தொழுநோயில் கோடு கிழித்த மாதிரி பாதி உடம்பு மரத்துப்போகாதாம், தோலில் படை இருக்கும், நரம்பு தடித்திருக்கும், இவருக்கு இரண்டும் இல்லையாம். "அப்படியே தொழுநோயா இருந்தாலும் இப்ப மாத்திரை இருக்கு, குணமாயிரும். அதுக்காகவா ஒரு பொண்ணு கல்யாணத்த நிறுத்துவீங்க?" என்று சத்தம் போட்டார். "பிள்ளைக்கு வருமா?" என்றேன். "பனையில இருந்து விழுந்தது பிள்ளைக்கு எப்படிய்யா வரும்?" என்றார். கடைசியாகச் சுடலைமுத்துவைப் பார்த்து, "தளைநார் அறுந்துச்சா, அறுத்து வச்சாவளா?" என்றேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க போலீஸா?" என்றார். "கருப்பட்டி வியாபாரம்மா" என்றேன்.

அந்த வார்டில் நான் பார்த்ததையும் உனக்குச் சொல்லவேண்டும். ஒரு வாலிபன், உன் வயசுதான், கழுத்தை அசையாமல் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். கோடையில் ஆற்றில் தண்ணீர் இறங்கியிருப்பது தெரியாமல் கல் மண்டபத்தின் மேலிருந்து தலைகீழாகப் பாய்ந்தவன். கையும் காலும் அசையவில்லை. அவன் அம்மா ஈ விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சுமைதூக்குகிறவர், மூட்டை பிடரியில் சரிந்து விழுந்தது. இன்னொருவருக்கு விழுந்த அடியே கிடையாது, முதுகெலும்பில் டி.பி. வந்து எலும்பு கரைந்து தண்டுவடத்தை அமுக்கிவிட்டதாம். அடிபட்ட அன்றைக்கு உயிர் பிழைத்தால் போதும் என்று நினைக்கிறோம். அப்புறம்தான் இருக்கிறது: சிறுநீர் தெரியாது, மலம் தெரியாது, ஒரே பக்கம் படுத்தால் புண் வரும், புண் வந்தது தெரியாது. சுடலைமுத்து ஏன் பஸ்ஸில் தண்ணீர் குடிப்பதில்லை என்று அங்கேதான் எனக்கு விளங்கியது. குறுக்குத்துறையில் நீ மண்டபத்திலிருந்து பாய்ந்து நெற்றியில் மணலோடு சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாயே, நான் எல்லார் முன்னாலும் உன்னை ஓங்கி அறைந்தேனே, அதற்காக நீ என்னோடு எத்தனை நாள் பேசவில்லை! அந்த மணல் ஒரு சாண் உயரமாக இருந்திருந்தால் நீ தம்மாமும் போயிருக்கமாட்டாய், இந்தப் பெண்ணை வேண்டாம் என்று சொல்லவும் போனைப் பிடிக்கக் கை இருந்திருக்காது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சுடலைமுத்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, பனையில இருந்து விழுந்தேன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே. ஊருல குட்டம்னு பேசுத வரைக்கும் விடலாமா?" அவர் ஜன்னலைப் பார்த்தபடியே, "குட்டம்னா ஐயோ பாவம்பாவ. முதுகுல வெட்டுன்னா சிரிப்பாவ. ஓடுனான், பின்னால இருந்து போட்டுட்டாம்பாவ. நான் சொல்லுதத எவன் நம்புவான்? அங்கன டாக்டர் முன்னால வச்சு நீங்களே நம்பலியே" என்றார். சாத்தான்குளம் வரைக்கும் நானும் எதிர்ப்பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வெயில் தாழ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பொன்செல்வி அப்பாவைக் கட்டிலில் உட்காரவைத்து, செருப்பைக் கழற்றி, வலது காலைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீடு வந்தால் அதுதான் முதல் வேலையாம். கல், முள், சூடு எதுவும் அந்தக் காலுக்குத் தெரியாது என்பதால் கண்தான் அதற்குத் தோல். பார்த்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, இங்கன பொக்களம் வந்திருக்கு. வட்டமா இருக்கு, டம்ளர் அடி மாதிரி."

"காப்பி குடிக்கும்போது கை தவறிச்சும்மா" என்றேன்.

"ஐஸும் கை தவறிச்சாக்கும்?" என்றாள். சுடலைமுத்து வாசலிலேயே அவளிடம் ஐஸ் கதையைச் சொல்லியிருக்கிறார்! நான் வேட்டி நுனியைச் சரிசெய்தேன். அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவள் எழுந்து நின்று, மரியாதையாக, மாமா மாமா என்றே பேசினாள். "மாமா, தம்மாம்ல இருந்து அவிய வேண்டாம்னு சொல்லிருப்பாவன்னு எனக்குத் தெரியும். சரக்கு எடுக்க வந்தவிய அன்னைக்குக் கைய வீசிக்கிட்டுல்லா போனிய? அன்னைக்கே புரிஞ்சுபோச்சு. வேண்டாம்னா வேண்டாம், நான் அழ மாட்டேன். வேணும்னா ஒண்ணு சொல்லிருதேன். அப்பா என்கூடத்தான் வருவாவ, தச்சநல்லூருக்கு. மக வீட்டுல போய் உக்காந்துட்டான்னு ஊரு சொல்லும், சொல்லட்டும். அவிய லீவுல வந்து நிக்கிற நாளெல்லாம் இந்தக் காலை அவியளும் பாக்கணும். நான் பிள்ளப்பேறுக்குப் படுத்தா யார் பாப்பா? புண்ணு வந்து புரையோடி காலையே எடுத்த ஆள நான் பாத்திருக்கேன்." சுடலைமுத்து, "ஏட்டி, சும்மா இரு. சம்பந்தியள்ட்ட பேசுத பேச்சா இது?" என்று அதட்டினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. "இன்னைக்கு நீங்க பாருங்க மாமா. பொக்களத்த மட்டுந்தான் நான் பாத்தேன், மிச்சத்தப் பாக்கல" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

சம்பந்தி காலைச் சம்பந்தி மடியில் எடுத்து வைத்துக்கொள்வது எந்த ஊர் வழக்கம்? அதுவும் பெண் வீட்டில், மாப்பிள்ளைக்குச் சித்தப்பன். இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது, என்னை மடக்கப் பார்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் உட்கார்ந்தேன். கால் கனமாக, வெதுவெதுப்பாக, நல்ல கால் மாதிரியே இருந்தது. விரல் இடுக்கு ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். சுண்டுவிரலுக்கு அடியில் கறுப்பாக ஒரு புள்ளி. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. உடைமுள். அடிவரை இறங்கி ஒடிந்திருந்தது. நகக்கண்ணால் பிடித்து இழுத்தேன், என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ரத்தமும் சீழுமாக அரை விரல் நீளத்துக்கு வந்தது. எத்தனை நாளாய் உள்ளே இருந்ததோ. அவர் மேற்கே பார்த்து, "மேகம் கூடுது சம்பந்தி, மழை வந்தா நனைஞ்சிருவிய. வெள்ளனக் கிளம்புங்க" என்றார்.

நீ வேண்டாம் என்றால் அந்தப் பெண்ணிடம் நீயே சொல், அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு நான் உடன்குடிப் பஸ் ஏறமாட்டேன். வேண்டும் என்றால் அவள் சொன்ன நிபந்தனையோடு வேண்டும் என்று சொல், பாதியை விழுங்கிவிட்டுச் சொல்லாதே, அவள் கண்டுபிடித்துவிடுவாள். கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் செய், பூத்தில் காத்திருப்பேன். ஆனால் எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் தீரவில்லை. தினமும் பார்க்கிற அவள் கண்ணுக்குத் தப்பி அந்த முள் எப்படி அத்தனை நாள் உள்ளே இருந்தது? அவர் செருப்பின் அடித்தோல் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கவேண்டும், அல்லது விடிலிக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் அவர் நடக்கிற பாதை ஒன்று இருக்கவேண்டும். நீ என்ன முடிவு சொன்னாலும் சரி, அடுத்த வாரம் நான் போய் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வரப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா